இரைச்சல் ராக் இலக்கணச் சுருக்கம்

இரைச்சல் இருவகைப்படும்: தானே எழுவது, முயன்று எழுப்பப்படுவது. தானே எழுவது மாநகராட்சியின் பொறுப்பு. அதற்கு இலக்கணம் வேண்டுவதில்லை. முயன்று எழுப்பப்படுவது மேலும் இரண்டாகப் பிரியும்: தாளத்தோடு வருவது, தாளமின்றி வருவது. தாளமின்றி வருவதற்கு ‘நாய்ஸ்’ என்று மட்டும் பெயர். தாளத்தோடு வருவது ‘நாய்ஸ் ராக்’. இங்கே இரைச்சல் ராக் என்று வழங்கப்படுவது அதுவே. இவ்விரண்டுக்கும் இடையே எல்லைக்கல்லாக நிற்பது ஒரு டிரம்ஸ் செட். அதை மேடையிலிருந்து இறக்கிவிட்டால் இசைவகை மாறிவிடும். அவையில் இருப்போர் அந்த மாற்றத்தை உணராமற் போகலாம். வகைப்பாட்டுக்கு அது தடையாகாது.

இவ்விசைக்கு வேண்டும் பொருள்கள் சிலவே. ஒரு மின்கிட்டார், அதன் ஒலியைப் பெருக்க ஓர் ஆம்ப்ளிஃபயர், அந்த ஆம்ப்ளிஃபயரை அதைச் செய்தவர் எண்ணிப் பார்த்திராத அளவுக்குத் திருகும் மனவுறுதி. மின்கிட்டாரை ஒலிபெருக்கிக்கு எதிரே பிடித்தால் ஒலிபெருக்கியின் அதிர்வு கம்பியை மேலும் அதிரச் செய்யும். அவ்வதிர்வைக் கம்பிக்குக் கீழுள்ள காந்தச்சுருள் மின்னோட்டமாக்கி மறுபடியும் ஒலிபெருக்கிக்கே அனுப்பும். இவ்வாறு சுற்றிச் சுற்றி வளர்ந்து ஓர் ஊளையாக நிலைபெறுவது ஃபீட்பேக் எனப்படும். பொதுக்கூட்ட மேடையில் மைக் கத்தும்போது மைக்செட்காரர் பதறி ஓடிவந்து எதைக் குறைக்கிறாரோ, அதையே இம்மரபினர் கூட்டுவர். இரண்டுக்கும் பயன்படும் திருகு ஒன்றே ஆகையால் இரு தொழிலினருக்கும் தொடக்கப் பயிற்சி பொதுவானது.

இனித் தோற்றம். இதில் இரு கட்சிகள் உண்டு. வரலாற்றை 1913-இலிருந்து எண்ணுவோரை நெடுமரபினர் என்றும், 1967-இலிருந்து எண்ணுவோரைக் குறுமரபினர் என்றும் வசதி கருதி அழைக்கலாம். நெடுமரபினர் முதல்வராகக் காட்டுவது இத்தாலியரான லூயிஜி ருஸ்ஸோலோவை. தொழிலால் ஓவியர், தாம் இசைக்கலைஞர் அல்லர் என்பதையே தம் முதற்றகுதியாகக் கருதியவர். 1913 மார்ச் 11-ஆம் நாளிட்ட ‘இரைச்சல்களின் கலை’ என்னும் அறிக்கையில், உலகத்து இரைச்சல் யாவற்றையும் அவர் ஆறு குடும்பங்களாக வகுத்தார். இடி, முழக்கம், வெடிப்பு முதலியன முதற்குடும்பம். சீட்டியும் சீறலும் இரண்டாவது. முணுமுணுப்பும் கொப்பளிப்பும் மூன்றாவது. கிறீச்சொலியும் உராய்வொலியும் நான்காவது. உலோகம், மரம், தோல், கல், சுடுமண் ஆகியவற்றை அடித்தெழுப்புவன ஐந்தாவது. விலங்கும் மனிதரும் இடும் கூச்சல், அலறல், சிரிப்பு, விம்மல் ஆகியன ஆறாவது. விக்கலை அவர் எக்குடும்பத்திலும் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. அதை ஆறாவதில் அடக்கிக்கொள்வது பொருந்தும்.

வகைப்பாட்டோடு நின்றவர் அல்லர் அவர். கைப்பிடியைச் சுழற்றினால் உறுமியும் சீறியும் கொப்பளித்தும் ஒலிக்கும் மரப்பெட்டிகளை, முன்புறம் புனல் பொருத்தி, வரிசையாகச் செய்தார். 1914 ஏப்ரல் 21 அன்று மிலான் நகரின் தால் வெர்மே அரங்கில் அவற்றைக் கொண்டு கச்சேரி நடந்தது. தொடங்கிய சிறிது நேரத்தில் அவையோர் கூச்சலிட்டனர். ருஸ்ஸோலோவின் தோழர்கள் மேடையிலிருந்து இறங்கிச் சென்று அவையோரைத் தாக்கினர். ருஸ்ஸோலோ வாத்தியக்குழுவை நடத்துவதை நிறுத்தவில்லை. இந்நிகழ்ச்சியைத் தோல்வி என்று கொள்வது வகைப்பாட்டை ஊன்றி நோக்காதார் கூற்று. மனிதர் இடும் கூச்சலும் அலறலும் ஆறாம் குடும்பமாக ஓராண்டுக்கு முன்பே அறிக்கையில் இடம்பெற்றுவிட்டன. ஆகவே அன்று எதிர்த்துக் கத்தியவர்கள் ஊதியமின்றியும் ஒத்திகையின்றியும் உடன்வாசித்தவர்கள் ஆவர். கன்னத்தில் விழுந்த அறைகளை ஐந்தாம் குடும்பத்தில், தோல் என்னும் உட்பிரிவில் சேர்க்கலாம். அப்பெட்டிகள் இரண்டாம் உலகப் போரோடு இல்லாமற் போயின. முதற்குடும்பத்து ஓசை ஏனைய ஐந்தையும் விழுங்கிய நிகழ்வு அது.

எனினும் ருஸ்ஸோலோவிடம் மின்கிட்டார் இல்லை. அவரை இரைச்சலுக்குப் பாட்டனார் என்னலாம். இரைச்சல் ராக்குக்குப் பாட்டனார் என்னலாகாது. தாய்வழியில் ஒன்றுவிட்ட பாட்டனார் என்பதே இக்கட்டுரை ஏற்கும் முடிபு.

தந்தைவழியை ஆராயின் ஒரு பென்சிலில் சென்று முடியும். அமெரிக்கரான லிங்க் ரே 1958-இல் வெளிவந்த ‘ரம்பிள்’ என்னும் கிட்டார் இசைத்தட்டுக்காகத் தம் ஆம்ப்ளிஃபயரின் ஒலிபெருக்கிக் காகிதத்தைப் பென்சிலால் குத்தித் துளையிட்டார். 1964-இல் ‘தி கிங்க்ஸ்’ என்னும் ஆங்கிலேயக் குழுவின் டேவ் டேவிஸ் அதே காரியத்தைச் சவர பிளேடால் செய்தார். இவ்வாறு மரபின் தொடக்கத்திலேயே துளைப்போர், கீறுவோர் என இரு பள்ளிகள் அமைந்துவிட்டன. தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு என்னும் ஐவகைக் கருவிகளுள் ரேயின் ஆம்ப்ளிஃபயரை எங்கே வைப்பது என்ற ஐயம் இங்கே எழும். துளை உடைமையின் துளைக்கருவி என்னலாமோ எனின், அற்றன்று. துளைக்கருவியில் துளை இடப்படுவது ஊதுவதற்கு, ரே ஊதவில்லை. டேவிஸின் பக்கம் இச்சிக்கலே இல்லை என்பது கீறுவோர் பள்ளிக்குள்ள தனிச்சிறப்பு.

‘ரம்பிள்’ பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதில் பாடல் வரி இல்லை. ஒரு சொல்கூட இல்லை. அமெரிக்க வானொலி நிலையங்கள் சில அதை ஒலிபரப்ப மறுத்தன. இளைஞர்களின் தெருச்சண்டையை அது தூண்டும் என்பது காரணம். சொல்லே இல்லாத ஒன்றின் உட்பொருளை இத்தனை விரைவில் கண்டுகொள்ளும் ஆற்றல் உரையாசிரியர்கள் பலருக்கும் வாய்க்காதது.

குறுமரபினரின் வாதம் ஓர் ஆமையிலிருந்து தொடங்குகிறது. நியூயார்க்கில் வாழ்ந்த லா மான்ட்டி யங் என்னும் இசையமைப்பாளர், ஐம்பதுகளில் அலி அக்பர் கானின் இசைத்தட்டைக் கேட்டது முதல் தம்பூராவின் ஓயாத சுருதியில் மனம் தோய்ந்தவர். இரண்டே சுரங்களை எழுதி, நெடுநேரம் அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்குமாறு பணித்து, 1960-இல் ஒரு படைப்பை முடித்தவர். பிற்பாடு, தம் வீட்டில் வளர்த்த ஆமையின் தொட்டியில் ஓடிய மோட்டாரின் ரீங்காரத்தையே ஆதார சுருதியாகக் கொண்டு அவர்தம் குழு மணிக்கணக்கில் வாசித்தது. அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி. மோட்டாரின் சுருதி அதைச் சார்ந்தது. இந்தியாவிலோ 50 சுழற்சி. 50-ஐ ஷட்ஜமாகக் கொண்டால் 60 சாதாரண காந்தாரத்தில் நிற்கும். ஆகவே அவ்வாமை சென்னையில் வளர்க்கப்பட்டிருப்பின் அமெரிக்க இசை வரலாறு ஒரு சாதாரண காந்தாரம் இறங்கி ஒலித்திருக்கும். ஆமை இவ்வாராய்ச்சியில் வேறு பங்கு எதுவும் கொண்டதாகத் தெரியவில்லை.

அக்குழுவில் வயோலா வாசித்தவர் வேல்ஸ் நாட்டவரான ஜான் கேல். அவர் கிட்டாரின் கம்பிகள் அனைத்தையும் ஒரே சுரத்தில் சேர்த்து வாசித்துப் பார்த்திருந்த லூ ரீடோடு இணைந்தார். ஓயாத சுரமும் ஒரே சுரமும் மணம் கலந்ததில் பிறந்தது ‘தி வெல்வெட் அண்டர்கிரவுண்ட்’. அவர்களுடைய முதல் ஆல்பம் 1967-இல் வந்தது. இரண்டாவது 1968 ஜனவரியில் வந்து அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 199-ஆம் இடம் வரை ஏறியது. அப்பட்டியலில் 200 இடங்கள் உண்டு. ஆகவே கடைசி இடம் என்று எழுதுவோர் கணக்கில் பிழைபட்டவராவர்.

அவ்விரண்டாம் ஆல்பத்தின் இறுதியில் உள்ள ‘சிஸ்டர் ரே’ 17 நிமிடங்களுக்கும் மேற்பட்டது. பேஸ் கிட்டார் கிடையாது. கேல் தம் ஆர்கனைக் கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் செருகிக்கொண்டார். ஒவ்வொருவரும் அடுத்தவரை மீறிக் கேட்கப்பட விரும்பினர். ஒரே தடவையில் பதிவு முடிந்தது. ரீட் பின்னாளில் சொல்லியபடி, ஒலிப்பதிவுப் பொறியாளர் இயந்திரத்தை ஓடவிட்டு, முடிந்ததும் தம்மை அழைக்குமாறு சொல்லி வெளியே போய்விட்டார். இதன் இலக்கண முக்கியத்துவம் பெரிது. ஒரு படைப்பின் முதற்கேட்பவர் அதன் ஒலிப்பதிவுப் பொறியாளரே என்பது பொதுவிதி. இங்கோ முதற்கேட்பவரும் முதலில் எழுந்துபோனவரும் ஒருவரேயாகிவிட்டார். எழுந்துபோதல் இவ்விசைக்கு வெளியிலிருந்து வந்த விபத்தன்று, உடன்பிறந்த உறுப்பு என்பது இதனால் பெறப்படும்.

1975 ஜூலையில் ரீட் தனியாக வெளியிட்ட ‘மெட்டல் மெஷின் மியூசிக்’ நான்கு பக்கங்கள் கொண்ட இரட்டை இசைத்தட்டு. தாளம் இல்லை, பாட்டு இல்லை. ஆம்ப்ளிஃபயர்களுக்கு எதிரே சாய்த்து வைக்கப்பட்ட கிட்டார்கள் தாமே ஃபீட்பேக்கில் ஊளையிட்டன. தாளம் இல்லாமையால் இவ்வாராய்ச்சியின் முதல் விதிப்படி இது இரைச்சல் ராக் ஆகாது. எனினும் இதைத் தவிர்த்து எழுதுதல் மரபன்று. ஒவ்வொரு பக்கமும் 16 நிமிடம் 1 நொடி என்று தட்டில் அச்சிடப்பட்டிருந்தது. நான்காம் பக்கத்தின் கடைசிப் பள்ளம் மட்டும் சுழல்வட்டமாக வெட்டப்பட்டிருந்தது. ஊசி அதில் விழுந்தால் அந்தக் கடைசி ஒலி, எழுந்துபோய் ஊசியைத் தூக்கும் வரை திரும்பத் திரும்ப வந்துகொண்டேயிருக்கும். அப்பக்கத்தின் கால அளவோடு முடிவிலிக் குறியும் சேர்த்து அச்சிடப்பட்டது அதனாலேதான்.

மாத்திரைக் கணக்கில் இது முதன்மையான இடர்ப்பாடு. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, அளபெடை மூன்று என்னும் வரையறைக்குள் முடிவிலி அடங்காது. ஊசியைத் தூக்குபவர் சோம்பேறியாயின் படைப்பு நீளும். சுறுசுறுப்பானவராயின் 64 நிமிடங்களில் முடியும். ஆகவே இதன் நீளத்தைக் கேட்பவருடைய உடல்நிலையைக் கொண்டே சொல்ல முடியும். வாங்கியவர்களுள் பலர் தட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்தனர். அவர்களிடத்தில் இது இன்னும் குறுகியது. மூன்று வாரங்களில் நிறுவனம் அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது.

இருபத்தேழு ஆண்டுகள் கழித்து உல்ரிஹ் கிரீகர் என்னும் ஜெர்மானிய இசைவாணர் அவ்விரைச்சலைக் காதால் கேட்டு, சுரம் சுரமாக இசைக்குறியீட்டில் எழுதினார். 2002-இல் பெர்லினில் ‘ஸைட்கிராட்சர்’ என்னும் குழு அதைத் தந்தி, காற்று வாத்தியங்களில் வாசித்தது. ரீடும் உடன் மேடையேறினார். யாரும் தொடாத கிட்டார் போட்ட ஊளையை, தேர்ந்த வயலின் கலைஞர் ஒருவர் தாளைப் பார்த்து வாசித்தார். தப்பாக வாசிக்கப்படும் வாய்ப்பு இப்படைப்புக்கு முதன்முதலில் கிட்டியது அன்றுதான்.

இடையே எழுபதுகளின் இறுதியில் நியூயார்க்கில் ‘நோ வேவ்’ என்னும் கிளை தோன்றியது. 1978-இல் பிரையன் ஈனோ தொகுத்த ‘நோ நியூயார்க்’ ஆல்பத்தில் நான்கு குழுக்கள் இடம்பெற்றன. இக்கிளையில் வாசிக்கத் தெரியாமை ஒரு தகுதி. ‘டிஎன்ஏ’ குழுவில் ஆர்ட்டோ லிண்ட்சே சுரக்கட்டு ஒன்றும் பயிலாமலே கிட்டாரைக் கையாண்டார். டிரம்ஸில் அமர்ந்த இக்குவே மோரிக்கு அதில் முன்னனுபவம் இல்லை. ‘டீனேஜ் ஜீசஸ் அண்ட் தி ஜெர்க்ஸ்’ பத்து நிமிட அளவில் கச்சேரியை முடித்துக்கொள்வர். இத்தகுதியில் ஒரு நுட்பமான குறை உண்டு: அது நிலையானதன்று. தெரியாமையை நாள்தோறும் பயன்படுத்தி வந்தால், எவ்வளவு கவனமாக இருந்தாலும், கொஞ்சம் தெரிந்துவிடும். ‘மார்ஸ்’ குழு 1978-இலும், ‘டீனேஜ் ஜீசஸ்’ 1979-இலும், ‘டிஎன்ஏ’ 1982-இலும் கலைந்தன. பிற வரலாற்றாசிரியர்கள் இதற்கு வேறு காரணங்கள் கூறுவர். தகுதி தீர்ந்துபோதல் என்னும் காரணத்துக்கு உரிய இடம் தரப்படாமலே இருந்துவருகிறது.

இக்கிளையின் பெருமுனைவர் கிளென் பிராங்கா. கிட்டார்களை அணியணியாக நிறுத்திச் சிம்பொனி எழுதியவர். 2001 ஜூனில் உலக வணிக மைய வளாகத்தில் நூறு கிட்டார்களுக்கான தம் பதின்மூன்றாம் சிம்பொனியை அரங்கேற்றியவர். 1982-இல் சிகாகோவில் அவருடைய படைப்பைக் கேட்டவர்களுள் ஜான் கேஜும் ஒருவர். எவ்வொலியும் இசையே என்று வாழ்நாளெல்லாம் கற்பித்தவர் கேஜ். 1952-இல் நான்கு நிமிடம் 33 நொடிக்கு எதையும் வாசிக்காமல் இருக்குமாறு எழுதி, அவையின் இருமலையும் மழையின் ஓசையையும் இசையாக்கியவர். அவருக்குப் பிராங்காவின் ஒலி பிடிக்கவில்லை. அது பாசிசத்தை நினைவூட்டுவதாகச் சொன்னார். எல்லா ஒலியையும் ஏற்றவர் இவ்வொலியை விலக்கியது முன்னுக்குப்பின் முரண் அன்றோ எனின், அன்று. அவர் விலக்கியது ஒலியை அன்று, அவையின்மேல் அதைச் செலுத்திய எண்ணத்தை. ஆயினும் காது வலிப்பவருக்கு இவ்வேறுபாடு உடனே புலப்படுவதில்லை என்பதையும் பதிவு செய்தாக வேண்டும்.

பிராங்காவின் அணியில் கிட்டார் வாசித்த தர்ஸ்டன் மூர், லீ ரனால்டோ இருவரும் ‘சோனிக் யூத்’ குழுவுக்கு வந்தனர். மூர் 1981 ஜூனில் நியூயார்க்கின் ‘ஒயிட் காலம்ஸ்’ கலைக்கூடத்தில் ஒன்பது நாள் ‘நாய்ஸ் ஃபெஸ்ட்’ நடத்தினார். இப்போது வரும் குழுக்களெல்லாம் வெறும் இரைச்சல் என்று ஓர் இசைவிடுதிக்காரர் சலித்துக்கொண்டதே விழாவுக்குப் பெயராயிற்று. வசையைப் பட்டமாகச் சூடிக்கொண்டதில் செலவு மிச்சம்.

சோனிக் யூத்தின் முறை கருதத்தக்கது. விலை மலிந்த பழைய கிட்டார்களை வாங்கி, ஒவ்வொன்றையும் வழக்கத்தில் இல்லாத ஒரு சுருதிக்குக் கட்டி, இன்ன கிட்டார் இன்ன பாட்டுக்கு என்று ஒதுக்கிவிடுவர். சில வேளைகளில் கம்பிகளுக்கு அடியில் டிரம்ஸ் குச்சியையோ திருப்புளியையோ செருகுவர். கழுத்தின் நடுவே செருகப்பட்ட திருப்புளி ஒவ்வொரு கம்பியையும் இரண்டாகப் பகுக்கிறது. ஒரு பக்கத்தைத் தட்டினால் மறுபக்கம் மணியைப்போல் முனகும். செருக வேண்டியது தட்டைமுனைத் திருப்புளியா, ஸ்டார்முனைத் திருப்புளியா என்ற வினாவுக்கு விடை எளிது. கம்பிக்கடியில் புகுவது தண்டு. முனை வெளியே நிற்பது. ஆகவே எதுவாயினும் ஒக்கும். நிகழ்ச்சி முடிந்தபின் கிட்டாரைப் பழுதுபார்க்க நேர்ந்தால் மட்டுமே முனை பொருட்படும்.

இம்முறையின் விளைவாக, ஒழுங்கின்மையை எழுப்புவதற்காக அக்குழு டசன்கணக்கில் கிட்டார்களை வரிசை மாறாமல் சுமந்து திரிய வேண்டியதாயிற்று. ஒரே கிட்டாரில் அத்தனை பாட்டையும் வாசித்து முடிக்கும் மெல்லிசைக் கலைஞருக்கு இக்கவலை இல்லை. 1999 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் நகரில் அக்குழுவின் கருவிகள் இருந்த வண்டி திருடுபோனது. கிட்டார்களோடு, அவற்றில் மட்டுமே வாசிக்கத்தக்க பாட்டுகளும் போயின. பின்னர் சில கருவிகள் ஆங்காங்கே கிடைத்துத் திரும்பின. களவுபோன பொருளை வாங்கியவர்களுள் எவரேனும் நல்லெண்ணத்தால் அவற்றுக்கு முறையாகச் சுருதி சேர்த்திருப்பின், சேதத்தின் பெரும்பகுதி அவரையே சாரும்.

சிகாகோ, மினியாபொலிஸ் பள்ளிகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சிகாகோவில் ஸ்டீவ் ஆல்பினியின் ‘பிக் பிளாக்’ குழு டிரம்ஸ் வாசிக்க ஆளுக்குப் பதில் ஓர் இயந்திரத்தை வைத்துக்கொண்டது. அதன் பெயர் ரோலண்ட் என்று ஆல்ப உறையில் உறுப்பினர் வரிசையில் அச்சிடப்பட்டது. ஒத்திகைக்குத் தாமதமாக வராத ஒரே உறுப்பினர் அதுவாகவே இருந்திருத்தல் வேண்டும். மினியாபொலிஸின் ‘ஆம்ஃபெட்டமைன் ரெப்டைல்’ நிறுவனத்தைத் தொடங்கிய டாம் ஹேசல்மையர் அப்போது அமெரிக்க மரைன் படைவீரர். அங்கிருந்து புகழ்பெற்ற ‘ஹெல்மெட்’ குழுவின் பேஜ் ஹாமில்டன் இசைக்கல்லூரியில் ஜாஸ் பயின்று, பிராங்காவிடமும் வாசித்தவர். இவ்விசை கட்டுப்பாடற்றோரின் வேலை என்னும் கருத்தை இவ்விரு தகவல்களும் ஓரளவு தளர்த்தும்.

ஜப்பானியப் பள்ளிக்கு வரின், கருவிகளின் வகைப்பாடு மீண்டும் சோதனைக்குள்ளாகிறது. 1985 ஆகஸ்டில் தோக்கியோ அரங்கு ஒன்றில் ‘ஹனதராஷ்’ குழுவின் யமாத்ஸுகா ஐ, நம்மவர் எந்த நிறுவனம் செய்திருந்தாலும் ஜேசிபி என்றே சொல்லும் மண்தோண்டும் வண்டியை ஓட்டிக்கொண்டு அரங்கின் சுவரை இடித்தார். நுழையும்போதே, காயம்பட்டால் தாங்களே பொறுப்பு என்று அவையோரிடம் கையெழுத்து வாங்கப்பட்டிருந்தது. இரும்பு சுவரில் மோதி ஒலி பிறந்தமையால் அவ்வண்டியைக் கஞ்சக்கருவி என்று கொள்வதில் தடையில்லை. சுவரைக் கருவியாகவும் வண்டியை அடிக்கும் கோலாகவும் கொள்வாரும் இருக்கக்கூடும். அவ்வாறு கொண்டால் அரங்கின் உரிமையாளருக்குக் கச்சேரியில் பங்கு வந்துவிடும். ஆதலின் முன்னைய கருத்தே வலியுடைத்து. அதே ஐ, பின்னர் ‘போர்டம்ஸ்’ குழுவைத் தொடங்கி, 2007-ஆம் ஆண்டு ஏழாம் மாதம் ஏழாம் நாள் புரூக்லினில் 77 டிரம்ஸ் கலைஞர்களைத் திரட்டி வாசித்தார். அடுத்த ஆண்டு எட்டாம் மாதம் எட்டாம் நாளுக்கு 88 பேர் தேவைப்பட்டனர். சுவர் இடிக்க ஓட்டுநர் ஒருவர் போதும். தேதிக்கு ஆள் சேர்ப்பதற்கு நாட்காட்டியும் வருகைப் பதிவும் வேண்டும்.

தாக்கம் பற்றி இனி. நிர்வாணா குழு 1993-இல் ‘இன் யூட்டரோ’ ஆல்பத்தைப் பதிவு செய்ய ஆல்பினியைத் தேடிச் சென்றது. விற்பனையில் பங்கு வேண்டாம், பிளம்பருக்குக் கொடுப்பதுபோல் வேலைக்குக் கூலி கொடுத்தால் போதும் என்று அவர் கடிதம் எழுதினார். ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. வெளியிடுமுன் இரண்டு பாட்டுகளை வேறொருவரிடம் கொடுத்து மென்மையாக்கினர். 199-இலிருந்து 1 வரை ஏற இவ்விசைக்குக் கால் நூற்றாண்டு ஆயிற்று. வழியில் எவ்வளவு இரைச்சல் சிந்தியது என்பது தனி ஆய்வுக்குரியது.

அரசும் கவனித்தது. சோனிக் யூத்தின் 1988 ஆல்பமான ‘டேட்ரீம் நேஷன்’, பேணிக்காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலில் 2005-ஆம் ஆண்டுக்குரியதாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தால் சேர்க்கப்பட்டது. அதில் ‘பிராவிடன்ஸ்’ என்றொரு பகுதி உண்டு. ஒரு பியானோ, தொலைபேசியில் நண்பர் விட்டுச்சென்ற செய்திகள், அளவுக்கு மீறிச் சூடேறிய ஓர் ஆம்ப்ளிஃபயரின் கரகரப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. ஆகவே, சூடேறிப் பழுதாகும் நிலையில் இருந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் ஓசை இன்று அமெரிக்க அரசின் பொறுப்பில் உரிய பாதுகாப்போடு இருக்கிறது.

எல்லைப்புறத்தில் நிற்பது ‘மை பிளடி வாலன்டைன்’ குழு. இரைச்சலை இனிய மெட்டின்மேல் போர்த்துவோராகிய இவர்களை இம்மரபின் மருமக்கள் என்னலாம். ‘யூ மேட் மி ரியலைஸ்’ என்னும் பாட்டின் நடுவே ஒரே ஒலியில் நின்று பல நிமிடங்கள் முழங்குவது இவர்கள் வழக்கம். 2008-இல் மீண்டும் மேடையேறியபோது வாயிலிலேயே அவையோருக்குக் காதடைப்பான் இலவசமாக வழங்கப்பட்டது. இதனால் கேட்போர் நால்வகையினர் ஆயினர்: வாங்கியதும் செருகியோர், அம்முழக்கம் தொடங்கியபின் செருகியோர், நினைவுப்பொருளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோர், ஒரு காதில் மட்டும் செருகியோர். நான்காம் வகையினரே இசையையும் காதையும் ஒருங்கே பேணியவர் என்பது பொதுவாக ஏற்கத்தக்கது. அடைக்க வேண்டியது வலக்காதா இடக்காதா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. மேடையின் இருபுறத்து ஒலிபெருக்கிகளும் ஒரே அளவில் வைக்கப்படுவதால், மேடையமைப்பைக் கொண்டு அதைத் தீர்க்க இயலாது.